மொட்டை மாடியில மழை, வெயில், காத்து அளக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

அக்டோபர் வந்துட்டா போதும், "நேத்து ராத்திரி எங்க ஏரியாவுல செம மழை, எவ்ளோ சென்டிமீட்டர் இருக்கும்?"னு எல்லா வாட்ஸப் குரூப்லயும் கேள்வி வரும், ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்லுவாங்க, அளந்தவங்க யாருமே இருக்க மாட்டாங்க. நுங்கம்பாக்கத்துல சும்மா தூறிட்டு மீனம்பாக்கத்துல கொட்டித் தீர்க்கிற நாள் சென்னையில ரொம்ப சாதாரணம், நடுவுல இருக்குற உங்க தெருவுல என்ன பெஞ்சதுன்னு அங்க யாராவது அளந்தாதான் தெரியும். அந்த யாரோ ஒருத்தர் நீங்களா இருக்கணும்னு தோணுச்சுன்னா இதைப் படிங்க.

புதுசா வர்றவங்க கேக்குற முதல் கேள்வி எந்த மெஷின் வாங்கலாம்ங்கிறதுதான். அதை கடைசியில பாத்துக்கலாம். எங்க வைக்கிறோம், எத்தனை மணிக்குப் பாக்குறோம், இது ரெண்டும் ஊர்ல மத்தவங்க அளக்கிற முறையோட ஒத்துப்போகணும், அதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ஆயிரக்கணக்குல செலவு பண்ணி வாங்குன வெதர் ஸ்டேஷனை தண்ணி டேங்க் ஓரமா மாட்டிட்டா அதுல வர்ற நம்பரை யாரோட நம்பரோடயும் ஒப்பிட முடியாது. ஒரு பிளாஸ்டிக் புனலும் கேனும் சரியான இடத்துல இருந்தா வானிலை ஆய்வு மையம் வெளியிடுற ரீடிங்குக்குப் பக்கத்துலயே உங்க ரீடிங்கையும் தைரியமா வச்சுப் பாக்கலாம்.

மழையில இருந்து ஆரம்பிங்க

செலவு கம்மி, தப்பு பண்ண வாய்ப்பு கம்மி, நம்மூருக்கு ரொம்பத் தேவையானதும் அதுதான். முதல்ல மில்லிமீட்டர்னா என்னன்னு மனசுல பதிச்சுக்கோங்க. பெஞ்ச தண்ணி எங்கயும் ஓடாம, மண்ணுல இறங்காம அப்படியே தரையில நின்னா எவ்ளோ உயரம் நிக்கும், அதுதான் மழை அளவு. 1 மி.மீ. மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணி. 1000 சதுர அடி மாடியில 10 மி.மீ. பெஞ்சா சுமார் 930 லிட்டர் விழுந்திருக்கு, மழைநீர் சேகரிப்பு தொட்டி கட்டுறவங்களுக்கும் இதே கணக்குதான். நியூஸ்ல சென்டிமீட்டர்ல சொல்லுவாங்க, நாம நோட்டுல மி.மீ.ல எழுதணும், 10 மி.மீ. 1 செ.மீ., அவ்ளோதான் வித்தியாசம்.

இப்ப கருவி செய்யலாம். வாய் விட்டம் 16 செ.மீ. இருக்குற புனல் ஒண்ணு தேடுங்க, பாத்திரக்கடையிலயோ ஹார்டுவேர் கடையிலயோ கிடைக்கும், போகும்போது ஸ்கேல் எடுத்துட்டுப் போய் உள்பக்கம் விளிம்புல இருந்து விளிம்பு அளந்து பாத்து வாங்குங்க. ஏன் 16னா, அந்த வட்டத்தோட பரப்பு கிட்டத்தட்ட 200 சதுர செ.மீ. வரும், நம்ம வானிலைத் துறை மழைமானிகள்லயும் 200 சதுர செ.மீ. வாய் உள்ள வகை இருக்கு. 200 வந்துட்டா கணக்கு ரொம்ப சுலபம், கேன்ல சேர்ந்த தண்ணி ஒவ்வொரு 20 மி.லி.க்கும் 1 மி.மீ. மழை. 16 கிடைக்கலன்னாலும் பரவால்ல, விட்டத்துல பாதியை எடுத்து அதை அதாலயே பெருக்கி 3.14ஆல பெருக்குங்க, பரப்பு வந்துடும், சேர்ந்த மி.லி.யை அந்தப் பரப்பால வகுத்து 10ஆல பெருக்குனா மி.மீ. 15 செ.மீ. புனல்னா பரப்பு சுமார் 177, அப்ப 100 மி.லி. சேர்ந்தா 5.6 மி.மீ.

கேன் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. 5 லிட்டர் கேன் 250 மி.மீ. வரைக்கும்தான் தாங்கும், சாதாரண நாளுக்கு அது எக்கச்சக்கம், ஆனா வடகிழக்குப் பருவமழையில சாதாரணமில்லாத நாளுக்காகத்தானே நாம அளக்கவே வர்றோம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில தாம்பரத்துல 49 செ.மீ. பதிவாச்சு, இந்தப் புனல் அங்க இருந்திருந்தா கிட்டத்தட்ட 10 லிட்டர் சேர்ந்திருக்கும். 2023 டிசம்பர் 18 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 செ.மீ., அதாவது 19 லிட்டர். அதனால 20 லிட்டர் தண்ணி கேனே வச்சுடுங்கன்னு சொல்லுவேன், வாய் குறுகலா இருக்குறதால பிடிச்ச தண்ணி ஆவியாகுறதும் கம்மியா இருக்கும்.

புனல் ஆழமில்லாம தட்டையா இருந்தா பெரிய துளி விழுந்து தெறிச்சு வெளிய போயிடும். ஒரு பிவிசி பைப் துண்டை 10 செ.மீ. உயரத்துக்கு வெட்டி புனல் மேல நிக்கிற மாதிரி ஒட்டிடுங்க, தெறிக்கிறது உள்ளயே விழுந்துடும், ஆனா அதுக்கப்புறம் கணக்குக்கு எடுக்க வேண்டியது பைப்போட உள் விட்டம், இதை மறந்துடாதீங்க. விளிம்பு மட்டமா இருக்கணும், கொத்தனார் வைக்கிற ரசமட்டம் இருந்தா வச்சுப் பாருங்க. புனல் ஓட்டையில இலையும் பூச்சியும் போகாம இருக்க கம்பி வலை ஒரு துண்டு போட்டா போதும், துணி போட்டா அதுவே தண்ணியைக் குடிச்சுடும்.

எங்க வைக்கிறதுன்னா, விதி ஒண்ணுதான், பக்கத்துல இருக்குற எந்தப் பொருளா இருந்தாலும் மழைமானி விளிம்புக்கு மேல அது எவ்ளோ உயரமோ அதுல ரெண்டு மடங்கு தள்ளி இருக்கணும். தென்னை மரம் 30 அடி உசந்து நின்னா 60 அடி தள்ளி. கைப்பிடிச் சுவர் விளிம்பை விட 3 அடி உயரம்னா 6 அடி தள்ளி. தரையில திறந்த இடம் இருந்தா அதுதான் நல்லது, விளிம்பு தரையில இருந்து ஒரு அடி உயரத்துல இருக்கட்டும், ரொம்பத் தாழ்வா வச்சா மண்ணுல அடிச்ச தண்ணி தெறிச்சு உள்ள வரும். மாடியில காத்து அதிகம், காத்து அதிகமா இருந்தா துளி புனலுக்கு மேலயே பறந்து போயிடும், அதனால மாடி ரீடிங் எப்பவும் கொஞ்சம் குறைச்சலாதான் வரும். ஆனா நகரத்துல முக்காவாசிப் பேருக்கு மாடியை விட்டா வேற இடம் இல்ல, மாடி நடுவுல வைங்க, நோட்டுல முதல் பக்கத்துல "மாடி, தரையிலிருந்து இத்தனை அடி"ன்னு எழுதி வைங்க, போதும்.

காலை 8.30

இந்தியா முழுக்க தினசரி மழை அளக்கிற நேரம் காலை 8.30. உலக நேரப்படி அது 3 மணி, எல்லா நாட்டு ஆய்வு மையங்களும் உலக நேரத்துல குறிப்பிட்ட மணிக்கு ஒண்ணா பாக்குறதால நமக்கு இந்த அரை மணி கணக்கு வருது. நேத்து 8.30ல இருந்து இன்னைக்கு 8.30 வரை பெஞ்சது எல்லாமே இன்னைக்குத் தேதியில போகும். இதுலதான் ரொம்பப் பேருக்குக் குழப்பம், டிசம்பர் 1 சாயங்காலம் கொட்டுன மழை டிசம்பர் 2 கணக்குல வரும், யாரோ தப்பா சொல்லிட்டாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க. ராத்திரி 12ல இருந்து 12 வரைக்கும்னு சில ஆப் காட்டும், அதை 8.30 கணக்கோட கலந்துடக் கூடாது.

கேனை எடுத்து தண்ணியை அளவு ஜாடியில ஊத்திப் பாக்கலாம், மெடிக்கல் ஷாப்ல 50 மி.லி. சிரிஞ்ச் வாங்கியும் உறிஞ்சி அளக்கலாம், என்னைக் கேட்டா சமையல் டிஜிட்டல் தராசுதான் பெஸ்ட், 1 கிராம் தண்ணி 1 மி.லி., காலி கேன் எடையைக் கழிச்சுட்டா முடிஞ்சுது. 20 லிட்டர் நிறைஞ்ச கேனை அந்தத் தராசு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி நிறுங்க. மழை இல்லாத நாளும் 0ன்னு எழுதணும். எழுதாம விட்ட நாளுக்கும் மழை இல்லாத நாளுக்கும் அப்புறம் வித்தியாசம் தெரியாம போயிடும். வலை நனைஞ்சிருக்கு ஆனா அளக்க ஒண்ணும் இல்லன்னா "ட்ரேஸ்"னு எழுதுங்க. ஊருக்குப் போயிட்டு மூணு நாள் கழிச்சு வந்தா சேர்ந்த தண்ணியை மூணு நாள் மொத்தம்னு ஒரே வரியில எழுதணும், மூணால வகுத்து நாளுக்கொண்ணா பங்கு போட்டு எழுதவே கூடாது.

இப்ப உங்க நம்பருக்கு வானிலைத் துறை என்ன பேர் வைக்கும்னு பாப்போம். 24 மணி நேரத்துல 2.5 மி.மீ.யாவது பெஞ்சாதான் அது மழை நாள். 15.6ல இருந்து 64.4 வரை மிதமான மழை, 64.5ல இருந்து 115.5 வரை கனமழை, 115.6ல இருந்து 204.4 வரை மிக கனமழை, அதுக்கு மேல அதி கனமழை. டிவியில "கனமழை பெய்யும்"னு சொன்னா சும்மா பலமான மழைங்கிற அர்த்தத்துல இல்ல, ஆறரை செ.மீ. தாண்டும்னு அர்த்தம். ரெட் அலர்ட்ங்கிறது மாவட்டத்துக்கான எச்சரிக்கை, அங்க எங்கயாவது அதி கனமழைக்கு வாய்ப்பு இருக்கு, உடனே நடவடிக்கை எடுங்கன்னு சொல்றது, எல்லா தெருவுலயும் 20 செ.மீ. கொட்டும்ங்கிற உறுதி இல்ல. "ரெட் அலர்ட் குடுத்தீங்க, எங்க மழை?"ன்னு கேக்குறவங்க மேல எனக்கு உண்மையாவே வருத்தம் உண்டு, பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர் மூழ்கிட்டு இருக்கும்.

வெப்பநிலை, நிழல்ல மட்டும்

வெயில்ல தெர்மாமீட்டரை வச்சு 48 டிகிரின்னு போட்டோ போடுறது மே மாசம் தவறாம நடக்கும். வெயில்ல வச்சா அது காத்தோட சூட்டைக் காட்டாது, அந்தக் கருவி எவ்ளோ சூடாச்சுங்கிறதைத்தான் காட்டும். ஆய்வு மையங்கள்ல கால் வச்ச வெள்ளைப் பெட்டி ஒண்ணு பாத்திருப்பீங்க, நாலு பக்கமும் ஜன்னல் ஷட்டர் மாதிரி சாய்ந்த பலகை அடிச்சிருக்கும், அதுக்குப் பேர் ஸ்டீவன்சன் பெட்டி. தாமஸ் ஸ்டீவன்சன்ங்கிற ஸ்காட்லாந்து என்ஜினீயர் வடிவமைச்சது. வெள்ளை பெயின்ட் வெயிலைத் திருப்பி அனுப்பும், சாய்ந்த பலகை காத்தை மட்டும் உள்ள விடும், கதவு வடக்குப் பாத்து இருக்கும், திறந்து பாக்கும்போது வெயில் உள்ள அடிக்கக் கூடாதுன்னு. தெர்மாமீட்டர் தரையில இருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்துல, கீழ புல் தரை.

வீட்டுல இதுக்கு நர்சரியில விக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தொட்டித் தட்டு ஏழெட்டு வாங்குங்க. நடுவுல உள்ள தட்டுகள்ல வட்டமா ஓட்டை போட்டு, கவுத்து ஒண்ணு மேல ஒண்ணா ஒரு விரல் இடைவெளி விட்டு நீள போல்ட்ல மாட்டி, மேல் தட்டு மட்டும் ஓட்டை இல்லாம விட்டு, உள்ள டிஜிட்டல் சென்சாரைத் தொங்கவிட்டா நல்ல நிழல் கூடு ரெடி. காங்கிரீட் மாடியில வச்சா தரைச் சூடு அடிக்கும், ராத்திரியும் சீக்கிரம் ஆறாது, முடிஞ்சா தோட்டத்துலயோ மண் தரை பக்கத்துலயோ கம்பம் நட்டு மாட்டுங்க. ஏசி அவுட்டோர் யூனிட் பக்கமே போகாதீங்க.

குறைஞ்ச அளவு விடியறதுக்கு ஒட்டி வரும், அதிக அளவு மதியம் 2, 3 மணி வாக்குல. கடலோரத்துல இந்த ரெண்டாவது விஷயம் மாறும், சென்னையில மதியம் கடல்காத்து உள்ள வந்த உடனே வெப்பநிலை ஏறுறது நின்னுடும், கடல்காத்து லேட் ஆகுற அன்னைக்குத்தான் 40ஐத் தாண்டி கொளுத்தும். உங்க நோட்டுல கடல்காத்து எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு ஒரு குறிப்பு எழுதிப் பாருங்க, ஒரே கோடையில உங்க ஊர் வெயிலோட குணம் புரிஞ்சுடும். போன் ஆப்ல காட்டுற டிகிரி பெரும்பாலும் உங்க இடத்துல அளந்தது இல்ல, கம்ப்யூட்டர் மாடல் கணக்கு போட்டுச் சொல்றது, அதை உங்க அளவோட ஒப்பிட்டு ஆச்சரியப்பட வேண்டாம்.

ஈரப்பதம்

இங்க ஒரு பெரிய குழப்பம் இருக்கு. காலையில 90 சதவீதம், மதியம் 55 சதவீதம்னு பாத்துட்டு காத்து காஞ்சுடுச்சுன்னு நினைப்போம். காத்துல இருக்குற ஈரம் அப்படியேதான் இருக்கும், காத்து சூடானா அது தாங்கக்கூடிய ஈரத்தோட அளவு கூடிடும், அதனால சதவீதம் இறங்கும். உண்மையில ஈரம் எவ்ளோன்னு தெரியணும்னா டியூ பாயின்ட், பனிநிலைன்னு சொல்றாங்களே, அதைப் பாருங்க, காத்தை எத்தனை டிகிரி வரைக்கும் குளிர வச்சா பனித்துளி கட்ட ஆரம்பிக்கும்ங்கிற அளவு. அது 24, 25ஐத் தாண்டுனா ஃபேன் போட்டாலும் வேர்வை காயாது, கசகசன்னு இருக்கும். நிறைய டிஜிட்டல் மீட்டர்ல இதுவும் காட்டும்.

பழைய முறையும் அருமையானது, ரெண்டு ஒரே மாதிரி தெர்மாமீட்டர், ஒண்ணோட குமிழ்ல மெல்லிசு மல் துணி சுத்தி நுனியை டிஸ்டில்டு வாட்டர்ல போட்டுடணும், மண்பானைத் தண்ணி குளிர்ற மாதிரி ஈரம் ஆவியாக ஆவியாக அந்தக் குமிழ் குளிரும். காஞ்சது 32, ஈரமானது 27 காட்டுனா ஈரப்பதம் சுமார் 67 சதவீதம், ரெண்டும் ஒரே அளவு காட்டுனா 100. அட்டவணை பாத்துக் கண்டுபிடிக்கணும். துணி அழுக்கானா ரீடிங் கெட்டுடும், மாத்திட்டே இருங்க.

டிஜிட்டல் மீட்டர் சரியான்னு பாக்க ஒரு எளிய வழி. ஜிப் வச்சு மூடுற பையில ஒரு சின்ன மூடியில சமையல் உப்பு போட்டு, கூழாகுற அளவுக்கு மட்டும் தண்ணி விட்டு, மீட்டரையும் உள்ள வச்சு இறுக்கி மூடி ஒரு ராத்திரி விடுங்க. உப்பு முழுக்கக் கரையக் கூடாது. காலையில 75 சதவீதம் காட்டணும். 70 காட்டுனா உங்க மீட்டர் 5 குறைச்சு சொல்லுதுன்னு நோட்டுல எழுதிக்கோங்க.

காத்தழுத்தம்

கடல் மட்டத்துல சராசரி 1013.25 ஹெக்டோபாஸ்கல், பழைய பேர் மில்லிபார், ரெண்டும் ஒண்ணுதான். கீழ் மட்டத்துல ஒவ்வொரு 8 மீட்டர் மேல ஏறவும் 1 குறையும், ஊட்டியில நேரடியா அளந்தா 780 பக்கத்துலதான் காட்டும். அதனால எல்லா ஊரையும் ஒப்பிட கடல் மட்டத்துக்கு மாத்தின அளவைத்தான் மேப்ல போடுறாங்க. உங்க கருவியை செட் பண்ண, காத்து அமைதியா இருக்குற ஒரு நாள் பக்கத்து ஆய்வு மையம் அதே நேரத்துல சொன்ன கடல் மட்ட அளவை எடுத்து அதுக்கு ஒட்டி வச்சுடுங்க. நிறைய போன்லயே இந்த சென்சார் இருக்கு.

புதுசா வர்றவங்க எல்லாரும் பதறுற இடம் ஒண்ணு இருக்கு. காலை 10 மணிக்கு 1012 இருந்தது, சாயங்காலம் 4 மணிக்கு 1008, புயல் வருதோன்னு கேப்பாங்க. வராது. நம்ம மாதிரி வெப்பமண்டல ஊர்கள்ல தினமும் காலை 10, ராத்திரி 10 வாக்குல அழுத்தம் ஏறி, விடிகாலை 4, சாயங்காலம் 4 வாக்குல இறங்கும், கடல் அலை ஏறி இறங்குற ஒழுங்குல வருஷம் பூரா நடக்கும். அதனால எப்பவும் நேத்து இதே நேரத்தோட மட்டும் ஒப்பிடுங்க. நேத்து 4 மணிக்கு 1008, இன்னைக்கு 4 மணிக்கு 1003ன்னா அப்ப கவனிக்கணும், மணிக்கு மணி எழுதணும். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் சென்னையைக் கடந்த மாதிரி ஒரு நாள் வந்தா, அழுத்தம் இறங்கி, ஒரு இடத்துல நின்னு, திரும்ப ஏறுறதை உங்க கையால எழுதுன வரிசையில பாக்கலாம், அந்த அனுபவத்துக்காகவே இந்தக் கருவி வச்சுக்கலாம்.

காத்து

ஆரம்பத்துலயே இதுக்கு செலவு பண்ணாதீங்கன்னுதான் சொல்லுவேன். முறைப்படி தடை எதுவும் இல்லாத இடத்துல 10 மீட்டர் உயரத்துல அளக்கணும், வீட்டு மாடியில சுவரும் டேங்கும் காத்தை உடைச்சு சுத்த விட்டுடும். திசை மட்டும் பாத்து எழுதுங்க, அதுவே நிறைய சொல்லும். காத்து எங்கேருந்து வருதோ அதுதான் அதோட திசை, வாடை வடக்கேருந்து வர்ற மாதிரி.

வேகத்தைப் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டியது புயல் அறிக்கை புரியறதுக்காக. நாட்ங்கிறது மணிக்கு 1.852 கி.மீ. தாழ்வு மண்டலம்னா 31ல இருந்து 49 கி.மீ. வேகம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் 50ல இருந்து 61, 62 தொட்டா புயல், பேர் வைப்பாங்க, 89க்கு மேல தீவிர புயல், 118க்கு மேல மிகத் தீவிர புயல். இது எல்லாம் தொடர்ந்து வீசுற காத்தோட சராசரி, நடு நடுவுல ஒரு சில நொடி பலமா அடிக்கிறது கஸ்ட், அது இதை விட அதிகமா இருக்கும். "70 கி.மீ., இடையிடையே 90"ன்னு அறிக்கையில வர்றதுல அந்த 90தான் மரத்தைச் சாய்க்கிறது.

மெஷின் வாங்குறதுன்னா

ஒரு பருவமழை முழுக்க கையால அளந்த பிறகு வாங்குங்க. ஆட்டோமேட்டிக் மழைமானி உள்ள சீசா பலகை மாதிரி ரெண்டு சின்னக் கிண்ணம் இருக்கும், ஒண்ணு நிறைஞ்சா கவுந்து அடுத்தது வரும், பல மாடல்கள்ல ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. எப்ப ஆரம்பிச்சது, எந்த மணி நேரத்துல அதிகம்னு இதுல தெரியும், கேன்ல தெரியாது. ஆனா கொட்டுற மழையில கிண்ணம் கவுர்ற நேரத்துல விழுற தண்ணி கணக்குல வராம போகும், நம்மூர் மழைக்கு இது சின்ன விஷயம் இல்ல. எறும்பு கூடு கட்டும், புறா எச்சம் அடைக்கும், அப்ப பக்கத்து தெருவுல வெள்ளம் போகும்போது உங்க ஸ்க்ரீன்ல 0 இருக்கும். கேனை எடுத்துடாதீங்க, ரெண்டும் பக்கத்துல இருக்கட்டும், நாள் மொத்தத்துக்கு கேன் சொல்றதையே எடுத்துக்கோங்க.

செப்டம்பர் கடைசியில ஒரு டெஸ்ட். மெஷின் வாயோட பரப்பை அளந்து 10 மி.மீ.க்கு எவ்ளோ தண்ணின்னு கணக்கு போடுங்க, 100 சதுர செ.மீ.ன்னா 100 மி.லி. ஒரு பேப்பர் கப் அடியில ஊசியால ஓட்டை போட்டு அந்தத் தண்ணியைச் சொட்டு சொட்டா விடுங்க, முழுசா இறங்க அரை மணி நேரமாவது ஆகணும். 9.5க்கும் 10.5க்கும் நடுவுல காட்டுனா அந்த சீசனுக்கு நம்பலாம். 8 காட்டுனா திறந்து கிண்ணத்தைத் துடைச்சுட்டு, ஸ்டேஷன் மட்டமா நிக்குதான்னு பாத்துட்டு மறுபடி ஊத்துங்க.